கிரகணத்தைக் கணித்தவர்களும் கற்றுக்கொடுத்தவர்களும்

2025 ஆகஸ்டில், நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரியில் வானியல் அறிமுக வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார். மூன்று சனிக்கிழமைகள், தலா இரண்டு மணி நேரம். நான் படித்தது பி.இ., பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. ஆனாலும் ஆர்வக்கோளாறில் ஒத்துக்கொண்டேன்.

"பௌர்ணமி அன்னைக்கு சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுலதான பூமி இருக்கு? அப்ப மாசாமாசம் ஏன் சந்திர கிரகணம் வர்றதில்ல?" என்று ஆரம்பித்தேன். வகுப்பே அமைதி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எப்ப வரும்னு ஆப்ல போட்டுருவான் சார்." எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

சந்திரனின் பாதை பூமியின் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் பூமி நிழலுக்கு மேலேயோ கீழேயோ போய்விடுகிறது. இதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பையனின் பதில் மனசை விட்டுப் போகவில்லை. காரணம் தெரியாமலே விடையைச் சரியாகப் பெறுவது ஒன்றும் புதுசு இல்லையே!

1825-ல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, அந்த வருடம் மே 31 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து, எண்களைச் சொற்களாக்கி மனதில் ஏற்றும் முறை அது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சோழிகள் ரெஜிஸ்டர், சொற்கள் லுக்-அப் டேபிள். பின்னால் 1952-ல் கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நாய்கபாவர் இதைப் பற்றி எழுதினார். கணிப்பில் இருந்த பிழை: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

காகிதமே இல்லாமல் இவ்வளவு! படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் அந்த 52 நிமிடம் ஏன் வந்தது என்று அந்த முறைக்குள் இருந்துகொண்டு கண்டுபிடிக்க வழி இல்லை. வாய்பாட்டில் விடைகள் இருக்கின்றன, அவை எப்படி வந்தன என்பது இல்லை.

நான்கு வருடம் கழித்து, இதே விஷயம் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரிப் பாடமாகவே ஆனது. அமெரிக்க மிஷன் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் வானியலும் பாடம். பின்னாளில் தொல்காப்பியம் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது. 1829 மார்ச் 20 சந்திர கிரகணத்துக்கு, பக்கத்து ஊரான அராலியின் புகழ்பெற்ற பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குக் கொடுத்திருந்தார். செமினரித் தலைவர் டானியல் பூர் ஐரோப்பிய அட்டவணைகளை வைத்து இன்னொரு கணக்குப் போட்டார். தொடங்கும் நேரத்தில் 15 நிமிட வித்தியாசம், நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடம், மறையும் அளவில் சந்திர விட்டத்தின் பன்னிரண்டில் மூன்று பங்கு. அன்றிரவு வானம் பூர் பக்கமே தீர்ப்புச் சொன்னது என்கிறது மிஷன் தரப்பு.

இதை "மேற்கு ஜெயித்தது, நாம் தோற்றோம்" என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கிரகணம் பூமியின் நிழலால் வருகிறது என்பதை ஆரியபடர் 499-லேயே எழுதிவிட்டார். கேரளத்தின் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய எண்களைத் திருத்தி, 1431-ல் 'திருக்கணிதம்' எழுதினார். நம் வீடுகளில் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று சண்டை வருகிறதே, அதில் உள்ள 'திருக்' என்ற சொல்லுக்குப் பார்வை என்றுதான் பொருள். ஆக, சரிபார்க்கும் வழக்கம் இங்கேயும் இருந்தது. வாய்பாட்டை மட்டும் கைமாற்றிய இடங்களில்தான் அது விட்டுப்போனது.

பூருக்குப் பின் செமினரிக்குத் தலைவராக வந்த ஹென்றி ஹொய்சிங்டன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. 1848-ல் 'தி ஓரியண்டல் அஸ்ட்ரானமர்' என்ற நூலை யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். நம் வானியல் கணக்குமுறை தமிழில், கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கக் குறிப்புகளும். 'தப்பு' என்று தூக்கிப் போடாமல், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று திறந்து காட்டும் புத்தகம். பழைய கோடை டெலீட் பண்ணாமல் கமெண்ட் எழுதி வைத்த மாதிரி.

கடைசி வகுப்பு செப்டம்பர் 6. மறுநாள் ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். மாணவர்களிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: "ஆப்பைப் பாக்காதீங்க. நிழல் சந்திரனைத் தொடுற நேரத்தை நீங்களே பார்த்து எழுதிட்டு வாங்க."

கணக்குப்படி இரவு 9.57. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நின்ற பன்னிரண்டு பேரில் ஒருத்தி 9.54 என்றாள், இன்னொருவன் 10.01. நிழலின் விளிம்பே மங்கல், "இப்பதான் தொட்டுச்சு" என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கேதான் எனக்கே ஒன்று புரிந்தது. புதுச்சேரிக்காரரின் தொடக்கப் பிழையான 4 நிமிடம் வெறுங்கண்ணுக்குப் பிடிபடுவதே கஷ்டம். அராலியின் 15 நிமிடத்தை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை நண்பர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார். அந்தக் கடைசி பெஞ்ச் பையன் கேட்கச் சொன்னானாம்: "ஆப்ல போட்ட 9.57-ஐ அவங்க எப்படி கண்டுபிடிச்சாங்க சார்?"

நாலாவது சனிக்கிழமை ஒன்று கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.