பதிப்புரிமைப் பதிவும் படைப்பின் நாளும்: புதுச்சேரி வழியாக ஒரு வரலாறு

பதிப்புரிமைப் பதிவு என்பது ஒரு படைப்பின் தலைப்பு, மொழி, ஆசிரியர், உரிமையாளர் முதலிய விவரங்களை அரசின் பதிவேட்டில் ஏற்றுவதாகும். இந்தியாவில் பதிவு செய்வதால் உரிமை பிறப்பதில்லை. படைப்பு எழுத்துவடிவம் பெற்றதுமே உரிமையும் வந்துவிடுகிறது. ஆயினும் "யார் முன்னே எழுதியது" என்ற வழக்கு எழும்போது ஒரு நாளைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நாளை எப்படி நிறுவுவது என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு தனி வரலாறு உண்டு.

எல்லையின் இருபுறமும்

திண்டிவனம் சாலையில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தை ஒட்டியது கோரிமேடு. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வரும்வரை, சில அடி தூரத்தில் ஒரு சட்டம் முடிந்து வேறொரு சட்டம் தொடங்கியது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சான ஒவ்வொரு நூலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். தலைப்பு, ஆசிரியர், அச்சிட்ட இடம், அச்சகத்திலிருந்து வெளிவந்த நாள், பக்கங்கள், படிகளின் எண்ணிக்கை, விலை, பதிப்புரிமை உடையவரின் பெயரும் ஊரும் என எல்லாம் அதில் உண்டு. அச்சகங்களைக் கண்காணிக்க எழுந்த ஏற்பாடு இது. இன்றைய ஆய்வாளர்களுக்கு அது புதையலாகிவிட்டது.

புதுச்சேரியில் 1819 முதல் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருந்தது. அதன் 1328ஆம் பிரிவு நாளைப் பற்றியே பேசியது. தனியார் தமக்குள் எழுதிக்கொண்ட பத்திரத்தின் தேதி மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அல்லது அதன் சாரம் நோட்டரி போன்ற அரசு அலுவலர் எழுதிய ஆவணத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். அல்லது கையெழுத்திட்டவர்களில் ஒருவர் இறந்திருக்க வேண்டும். கடைசி வழி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இறந்தவர் பிற்பாடு வந்து முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போட முடியாதே! இப்பிரிவு ஒப்பந்தங்களுக்காக எழுதப்பட்டது, கவிதைகளுக்காக அன்று. எனினும் காகிதத்தில் எழுதிய தேதி வேறு, பிறர் மறுக்க முடியாத தேதி வேறு என்ற தெளிவு அதில் இருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்குப் பாரதியாரே சான்று. அவர் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இலும், பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த கண்ணன் பாட்டு 1917இலும் அச்சாயின. அச்சானதால் அவற்றுக்கு ஓர் ஆண்டு கிடைத்தது. பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகமும் குயில் பாட்டும் 1921இல் அவர் மறைந்த பின்னரே நூல்களாயின. அச்சு ஆண்டை வைத்து அவை எழுதப்பட்ட காலத்தைச் சொல்ல இயலாது. கையெழுத்துப் படி, இதழ், கடிதம், உடனிருந்தோர் நினைவு எனப் பலவற்றையும் ஒப்பிட்டே காலம் கணிக்க வேண்டும். சீனி. விசுவநாதன் 'கால வரிசைப்படுத்தப்பட்ட பாரதி படைப்புகள்' என்ற தொகுதிகளை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இணையவழிப் பதிவு

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1963ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை வழியாக அது புதுச்சேரிக்கும் விரிவாக்கப்பட்டது. 2014இல் இணையவழி விண்ணப்பம் தொடங்கியது. இன்று கோரிமேட்டில் இருக்கும் ஒரு மாணவர் தில்லிக்குப் போகாமலே தம் கதைத் தொகுதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஒரு நாட்குறிப்பு எண் கிடைக்கும். எவரேனும் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் ஆய்வு செய்து பதிவேட்டில் ஏற்றுவார்கள். அச்சாகாத கையெழுத்துப் படியையும் பதியலாம்.

சட்டத்தின் 48ஆம் பிரிவு இப்பதிவேட்டை முதல்நோக்குச் சான்று என்கிறது. எதிர்த்தரப்பு வலுவான ஆதாரம் காட்டும்வரை அது செல்லும் என்பதே இதன் பொருள். இங்கே பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. இலக்கியப் படைப்புக்கான விவரப் படிவம் முதல் வெளியீட்டு ஆண்டைக் கேட்கிறது. எழுதிய நாளைக் கேட்பதில்லை. 1867ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அப்படியொரு கட்டம் இல்லை. ஆகவே, இன்ன நாளில் இந்தப் படைப்பு இவர் கையில் இருந்தது என்பதைத்தான் பதிவு மெய்ப்பிக்கிறது. அதற்கு எத்தனை நாள் முன்னர் அது பிறந்தது என்பதை அது சொல்வதில்லை.

பிரான்சிலும் இதே கதைதான். அங்கே 'சொலோ உறை' என்றொரு ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ஒரே ஆவணத்தின் இரு படிகளை உறையில் இட்டு அனுப்பினால், அலுவலகம் அதில் நாளைப் பொறித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரும். 2016 டிசம்பரில் அது இணையவழியிலும் கிடைக்கத் தொடங்கியது. அந்த உறை உரிமை எதையும் வழங்குவதில்லை. நாளை மட்டுமே காட்டும். தமக்குத் தாமே பதிவுத் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் இதைவிடப் பலவீனமானது. ஒட்டாத உறையை முதலில் அனுப்பிவிட்டு, பின்னர் உள்ளே எதையும் வைக்கலாம் அல்லவா?

நாள் எவ்வளவு தூரம் உதவும்?

2018இல் 'சர்கார்' திரைப்படம் வெளியாகும் முன், வருண் ராஜேந்திரன் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 'செங்கோல்' என்ற தம் கதையை 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்திருந்ததாகக் கூறினார். கதை தம்முடையதே என்றார் இயக்குநர் ஏ. ஆர். முருகதாஸ். இறுதியில் சமரசம் ஏற்பட்டு, படத்தின் தொடக்கத்தில் வருணுக்கு அங்கீகாரம் தருவதென முடிவாயிற்று. அவர் பதிந்தது அரசின் பதிவேட்டில் அன்று, ஒரு சங்கத்தின் பதிவேட்டில். ஆனாலும் 2007 என்ற ஆண்டு அவர் பக்கம் நின்றது.

நாள் மட்டும் எப்போதும் போதுவதில்லை. ஆர். ஜி. ஆனந்த் 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை 1953இல் எழுதினார். 'நியூ டெல்லி' திரைப்படம் 1956இல் வந்தது. நாடகமே மூத்தது. எனினும் 1978இல் உச்ச நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கருத்துக்கு உரிமை கிடையாது, அது வெளிப்படும் வடிவத்துக்கே உரிமை என்றும், இரண்டின் நடத்தையிலும் வேறுபாடுகள் மிகுதி என்றும் தீர்ப்பு கூறியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் முழுப் பிரதி வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தைப் பதிந்தவரைவிட, காட்சியும் உரையாடலும் கொண்ட முழுப் படியைப் பதிந்தவரின் நிலை வலுவானது.

அச்சாகாததாகப் பதிந்த படைப்பு பின்னர் நூலாக வந்தால், பதிவேட்டில் அந்த மாற்றத்தைச் சேர்க்கக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். அப்போது பழைய பதிவு நாளும் புதிய வெளியீட்டு ஆண்டும் ஒரே பதிவில் சேர்ந்து நிற்கும்.