சாத்தேயும் சதையும்: ஒரு மாணவன் கற்பித்த பாடம்



ஆசிரியப் பெருமக்களிடமும் பெற்றோர்களிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எனக்கு உண்டு. பல ஆண்டுகளாக வகுப்பில் நான் உறுதிபடச் சொல்லிவந்த ஒரு செய்தி, அத்துணை உறுதியானதன்று.

மலாய் மொழியில் வழங்கும் தமிழ்ச் சொற்களை ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கற்பிக்கும்போது பலகையில் ஒரு பட்டியல் எழுதுவது என் வழக்கம். கப்பல், 'காப்பால்' ஆயிற்று. கடை, 'கெடாய்' ஆயிற்று. முதல், 'மோடால்' ஆயிற்று. கட்டில், 'காத்தில்' ஆயிற்று. பெட்டி, 'பெத்தி' ஆயிற்று. பட்டியலின் இறுதியில், பிள்ளைகளின் முகம் மலரட்டும் என்று, 'சதை, சாத்தே ஆயிற்று' என எழுதி முடிப்பேன். வகுப்பே கலகலக்கும். "நாங்கள் சாப்பிடும் சாத்தே தமிழா ஐயா?" என்று கேட்டு மகிழ்வார்கள். வீட்டிற்குச் சென்று பெற்றோரிடமும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஒருநாள் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் எழுந்தான். அதிகம் பேசாத பிள்ளை. "ஐயா, கடை கெடாய் ஆனது, முதல் மோடால் ஆனது. அப்படியானால் சதை சாடாய்தானே ஆகியிருக்க வேண்டும்? ஏன் சாத்தே ஆனது?" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. "நல்ல கேள்வி, நாளை சொல்கிறேன்" என்று அமரச் செய்தேன். அந்த நாளை வருவதற்குப் பல நாள்கள் ஆயின. அதற்குள் சுட்ட இறைச்சியின் வரலாற்றை ஓரளவு தேடிப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

நெருப்பு யாருக்குச் சொந்தம்?

இறைச்சியைக் குச்சியிலோ கம்பியிலோ கோத்து நெருப்பில் வாட்டும் முறையை எந்த ஓர் இனமும் தனக்கே உரியதென்று உரிமை கொண்டாட இயலாது. கிரேக்க நாட்டின் சந்தோரினித் தீவில் அக்ரோத்திரி என்னும் பழைய ஊர் எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்தது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வூரை அகழ்ந்தபோது, சுட்ட களிமண்ணால் ஆன இணைத் தாங்கிகள் கிடைத்தன. இறைச்சிக் கம்பிகளைக் குறுக்காக வைப்பதற்கு மேலே வரிசையாகப் பள்ளங்கள். தணலுக்குக் காற்றுச் செல்ல அடியில் துளைகள். நம் ஊர்ச் சாத்தே வணிகரிடம் கொடுத்தால் அவர் எதையும் கேட்காமல் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார்.

சீனாவின் வடமேற்கில் சியாயூகுவான் பகுதியில், கி.பி. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய கல்லறைகளின் ஓவியச் செங்கற்களில், இறைச்சி கோத்த கம்பிகளைப் பணியாளர் ஏந்திச் செல்லும் காட்சி உண்டு.

தமிழர் மட்டும் இதற்கு விலக்கா? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகால் வளவன் அளித்த விருந்தை முடத்தாமக்கண்ணியார் காட்டுகிறார். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளின் சூடு தாங்காமல், பொருநர் அவற்றை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற்றி மாற்றி ஒற்றி உண்கின்றனர். நாள்தோறும் இறைச்சி தின்றதனால், கொல்லை உழுத கொழுப்போல் பற்கள் மழுங்கிப் போகின்றன. சூடான சாத்தேயை அவசரமாக வாயில் இட்ட எவருக்கும் அக்காட்சி புரியும்.

கிரேக்கர் சீனருக்குக் கற்பித்தனர் என்றோ, தமிழர் அனைவருக்கும் கற்பித்தனர் என்றோ சொல்வதற்கு இவற்றில் எச்சான்றும் இல்லை. நெருப்பும் இறைச்சியும் கூரிய குச்சியும் இருக்குமிடத்தில் இம்முறை தானே தோன்றும்.

பெயர்கள் சொல்லும் கதை

முறை பொதுவாயினும் பெயர்கள் தனித்தனி வரலாறு உடையவை. 'பார்பிகியூ' என்று இன்று உலகம் வழங்கும் சொல், கரிபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் 'பர்பக்கோவா' என்னும் சொல்லிலிருந்து வந்தது. கம்புகள் நட்டு அவற்றின்மேல் கட்டிய பரணை அது குறித்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அச்சொல்லைப் பதிவு செய்தனர். அம்மக்களில் பெரும்பாலோர் நோயாலும் கொடுமையாலும் அழிந்தனர். அவர்கள் சொல் மட்டும் உலகெங்கும் விருந்துகளில் ஒலிக்கிறது.

கொரியரின் 'புல்கோகி' என்பதில் புல் என்றால் நெருப்பு, கோகி என்றால் இறைச்சி. சப்பானில் கி.பி. 675இல் பேரரசர் தெம்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். 1872இல் பேரரசர் மெய்சி மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியான பின்னரே அந்நாட்டில் அவ்வுணவு பெருவழக்காகத் தொடங்கியது. இன்று சப்பானியர் விரும்பும் 'யாக்கினிக்கு' பரவியதில் அங்குக் குடியேறிய கொரியருக்குப் பெரும் பங்கு உண்டு.

சாத்தேயின் பிறப்பும் பயணமும்

இனி நம் சாத்தேக்கு வருவோம். இதன் தாயகம் ஜாவா என்பது பலரும் ஏற்கும் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு வணிகரும், தமிழரும் குசராத்தியருமாகிய இந்திய முசுலிம் வணிகரும் அங்குப் பெருகினர். அவர்களுடைய 'கபாப்' என்னும் சுட்ட இறைச்சியைக் கண்ட ஜாவாவின் தெருவணிகர், தம் மண்ணுக்கேற்ப அதனை மாற்றிக்கொண்டனர் என்பர்.

மாற்றம் என்றால் எத்தகைய மாற்றம்! இரும்புக் கம்பிக்கு மாறாகத் தென்னை ஈர்க்குச்சி, பின்னர் மூங்கில். மெல்லிய குச்சிக்கு ஏற்பச் சிறிய துண்டுகள். ஊறவைக்க மஞ்சளும் கொத்தமல்லி விதையும் எலுமிச்சைப் புல்லும். தணலில் வாட்டும்போது, அதே எலுமிச்சைப் புல்லின் தண்டை நுனியில் நசுக்கித் தூரிகையாக்கி எண்ணெய் தடவுவார்கள்.

தொட்டுக்கொள்ளும் கடலைக் குழம்பை எண்ணிப் பாருங்கள். நிலக்கடலையின் தாயகம் தென்னமெரிக்கா. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்ததே. கொலம்பசு கடல் கடந்த 1492க்கு முன் ஆசியாவில் இவ்விரண்டும் இல்லை. போர்த்துகீசியரும் ஸ்பானியரும் கொண்டுவந்த பின்னரே இவை இங்கு வேரூன்றின. மலாய்க்காரர் நிலக்கடலையைக் 'காச்சாங் தானா' என்பர். 'தானா' என்றால் நிலம். தமிழகத்திலோ அதற்கு மணிலாக்கொட்டை என்றும் ஒரு பெயர் உண்டு. ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்சின் தலைநகர் நம் தமிழ்ச் சொல்லில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

ஜாவா மக்கள் குடிபெயர்ந்த இடமெல்லாம் சாத்தேயும் சென்றது. சிலாங்கூரின் காஜாங் நகரம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்த ஜாவானியரால் சாத்தேக்குப் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் கடற்கரைச் சாலையை அடுத்து இயங்கிய 'சாத்தே கிளப்', 1970களின் தொடக்கத்தில் எசுபிளனேடு பூங்காவிற்கு மாறி, 1995இல் மூடப்பட்டது. அங்கு எசுபிளனேடு கலையரங்கம் எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் மலாய் மக்கள் 'சொசாட்டி' என்ற பெயரில் இறைச்சியைக் கோத்துச் சுடுகின்றனர். டச்சுக் குடியேற்ற ஆட்சியின் தொடர்பால் நெதர்லாந்திலும் சாத்தேக் குழம்பு அன்றாட உணவாயிற்று.

சொல் நம்முடையதா?

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 'சாத்தே' என்பது தமிழ்ச் 'சதை'யிலிருந்து வந்தது என்று கருதுவோர் உளர். அகராதிகள் சிலவும் அவ்வாறு குறிக்கின்றன. நான் கற்பனையாகச் சொன்னதன்று. 'மூன்று துண்டு' என்னும் பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனினும் குச்சியில் மூன்று துண்டுதான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

என் பட்டியலையே மீண்டும் பார்த்தேன். கட்டில், பெட்டி, சுருட்டு ஆகியவற்றில் வல்லெழுத்து இரட்டித்து வருகிறது. மலாயிலும் காத்தில், பெத்தி, செருத்து என ஒலி வன்மையாகவே நிற்கிறது. கடை, முதல் ஆகியவற்றில் எழுத்து இரட்டிக்கவில்லை; மலாயிலும் ஒலி மென்மையாகிறது. சதையில் தகரம் இரட்டிக்கவில்லை. ஆகவே மலாயிலும் மென்மையான ஒலியே வந்திருக்க வேண்டும். ஆனால் சாத்தேயில் ஒலி வன்மையாக உள்ளது. பத்து மணித்துளியில் அந்தப் பிள்ளை கண்டறிந்த முறை, பல ஆண்டு எழுதிய என் கண்ணுக்குப் படவில்லை.

இதனால் 'சதை' என்னும் விளக்கம் பொய் என்று ஆகிவிடாது. சொற்கள் வாய்க்கு வாய் மாறும்போது விதி மீறுவதும் உண்டு. ஆனால் ஐயத்திற்கு இடமுள்ளது. ஐயத்திற்கு இடமுள்ள ஒன்றை உறுதியென்று பலகையில் எழுதியது என் பிழை.

மறுவாரம் வகுப்பில் அவ்வாறே சொன்னேன். பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் உறுதியானவை, மற்றொன்றில் ஐயமுள்ளவை. சாத்தே இரண்டாம் பட்டியலுக்குச் சென்றது. பிள்ளைகள் சிலருக்கு முகம் வாடியது. "அப்படியென்றால் தமிழுக்கு ஒன்று குறைந்துவிட்டதா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "முதற்பட்டியலை எண்ணிப் பார் அம்மா" என்றேன். கப்பல், கடை, முதல், கட்டில், பெட்டி, சுருட்டு, மாப்பிள்ளை, திரை, கறி என அவள் எண்ணிக்கொண்டே போனாள். கேள்வி கேட்ட மாணவனின் பெயரை இரண்டாம் பட்டியலின் மேல் எழுதினேன். அவன் தலை குனிந்து சிரித்தான்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்வார்கள். பிற இன நண்பரோடு அமர்ந்து உண்பார்கள். அங்கே 'எல்லாம் எங்களிடமிருந்து வந்தது' என்று பேசி, ஒரே கேள்வியில் வாயடைத்து நிற்பதை நான் விரும்பவில்லை. ஒருமுறை அவ்வாறு நாணியவன் அதன்பின் உண்மையான பெருமையையும் சொல்லத் தயங்குவான். சான்றுள்ளதைத் தலைநிமிர்ந்து சொல்லவும், சான்றில்லாததை 'இருக்கலாம்' என்று சொல்லவும் பழக்குவதே மொழிக்கு நாம் செய்யும் தொண்டு.

அடுத்த முறை குடும்பத்தோடு சாத்தே உண்ணும்போது பிள்ளைகளிடம் இதனைப் பேசிப் பாருங்கள். குச்சி தென்னையின் நினைவு, கடலை தென்னமெரிக்காவினது, சமையல் ஜாவாவினது, இறைச்சி சுடும் பழக்கமோ மாந்தர் அனைவரதும். பெயர் யாருடையது என்று கேட்டால், 'இன்னும் தேடுகிறோம்' என்று சொல்லுங்கள். தேடும் பிள்ளை ஒருநாள் நமக்கும் சொல்லித் தரும்.