பாதம் மீண்ட வரலாறு

கோலாலம்பூருக்கு வடமேற்கே அமைந்த சுங்கை பூலோவில் 1930ஆம் ஆண்டில் ஒரு புதிய குடியிருப்பு எழுந்தது. செத்தாபாக்கில் இருந்த பழைய தொழுநோய் விடுதிக்கு மாற்றாக, வீடும் தோட்டமும் தொழிலும் உடைய ஓர் ஊரையே நோயாளருக்கென அமைக்க வேண்டும் என்று எண்ணியவர் மருத்துவர் திராவர்ஸ். சீனர், இந்தியர், மலாய்க்காரர் என மூவினத்தாரும் வாழ்ந்த அப்பள்ளத்தாக்கில், பிற்காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். எழில் மிக்க இடமே எனினும், 1926ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைச் சுற்றத்தினின்றும் கட்டாயமாகப் பிரித்தே வைத்திருந்தது.

1940களின் பிற்பகுதியில் சல்போன் மருந்து வந்தது. நோய்க்கிருமி அடங்கியது, வீடு திரும்பும் வழி பலருக்குத் திறந்தது. ஆயினும் புதியதொரு வினா எழுந்தது. நோய் தீர்ந்த மனிதன் எவ்வாறு நடந்து செல்வான்? விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால்வெட்டும் தொழிலாளிக்குக் காலே முதலீடு. மருந்து கிருமியைக் கொன்றதே அன்றி, கெட்டுப்போன நரம்பை மீட்டுத் தரவில்லை.

தொழுநோய் காலை இருவகையில் கெடுக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாகச் செல்லும் நரம்பு செயலிழந்தால், பாதத்தை மேலே தூக்க இயலாது. விரல்நுனி தரையில் இழுபடும். அதனைத் தவிர்க்க முழங்காலை மிக உயர்த்தி நடக்க நேரும். இதனைத் தொங்குபாதம் என்பர். கணுக்காலின் உட்புற நரம்பு கெட்டாலோ உள்ளங்கால் மரத்துப்போகும். முள் தைத்தாலும் தணல் சுட்டாலும் தெரியாது. புண் ஆழ்ந்து எலும்பைத் தொடும்.

இதே வினா வேலூரிலும் எழுந்தது. 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் தசை தானாக அழுகி விழுகிறது என்று உலகம் அந்நாளில் நம்பியது. அஃது உண்மையன்று என்று அவர் காட்டினார். வலி என்னும் காவலன் இல்லாமையால், அறியாது நேரும் காயங்களே உறுப்பைத் தின்றன. எனவே அக்கேட்டைத் தடுக்கவும் இயலும் என்பது தெளிவாயிற்று.

புண்பட்ட பாதத்துக்கு உரிய முதல் மருந்து ஓய்வு. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களிலேயே இத்தகைய புண்ணுக்கு மாக்கட்டு இட்டு வந்தார். காலோடு ஒட்டிப் பொருந்தும் கட்டு, உடலின் பாரத்தை ஓரிடத்தில் அழுத்தவிடாது பரப்பி விடுகிறது, புண் ஆறுகிறது. இந்நிலையில் நடைப்பயிற்சி நன்மை தராது, தீங்கே தரும். புண் ஆறிய பின்னரே மெல்ல மெல்ல நடையைக் கூட்டுதல் வேண்டும். மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட காலணியும் வேண்டும்.

தொங்குபாதத்தின் நிலை வேறு. நரம்பு கெட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தால், வீக்கம் தணிக்கும் மருந்தோடு பயிற்சியும் சேர்ந்து வலிமையை மீட்கக்கூடும். காலம் கடந்துவிட்டால் வழி இரண்டு. பாதத்தைத் தாங்கும் பட்டையோ வில்லோ அணிவது ஒன்று. அஃது எளிது, விரல் இழுபடாது, எனினும் கழற்றியவுடன் குறை திரும்பும். தசைநாண் மாற்று அறுவை மற்றொன்று. பாதத்தை உட்புறம் திருப்பும் தசை பெரும்பாலும் கெடாமல் எஞ்சியிருக்கும். அதன் நாணை எடுத்துப் பாதத்தின் மேற்புறத்தில் பொருத்தினால், அது பாதத்தைத் தூக்கும்.

ஆயினும் கத்தி மட்டும் நடையைத் தருவதில்லை. அறுவைக்கு முன்பே அத்தசையைத் தனியே இயக்க நோயாளி கற்க வேண்டும். இறுகிய குதிகால் நாணையும் நீட்டிப் பழக வேண்டும். கட்டு அவிழ்த்த பின் இயன்முறை மருத்துவர், "பாதத்தை உட்புறம் திருப்புங்கள்" என்பார். நோயாளி பழைய செயலையே நினைத்து முயல்வார். பாதமோ மேலே எழும்! நாள்தோறும் பழகப் பழக, நினையாமலே பாதம் எழுகிறது. முதலில் அமர்ந்தும், பின்னர் இணைகம்பிகளைப் பற்றியும், இறுதியில் தனித்தும் அவர் நடக்கிறார்.

இம்முறைகளை ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். உணர்வு இழந்து புண்பட்ட காலுக்கு ஓய்வு முதலில். வலிமை இழந்த காலுக்கு இயக்கம் முதலில். கட்டாயினும் மருந்தாயினும் அறுவையாயினும், உரிய காலத்தில் உரிய பயிற்சி சேரும்போதே பயன் நிறைவு பெறும்.

சுங்கை பூலோவின் பழைய வாழ்வு இன்று மறைந்து வருகிறது. ஆனால் மரத்த பாதம் மறையவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நீரிழிவும் உள்ளங்காலின் உணர்வைப் பறிக்கும். தொழுநோயாளருக்காகப் பழகிய மாக்கட்டும் காலணியும் இன்று நீரிழிவுப் புண்ணுக்கும் உதவுகின்றன. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு கோயிலை வலம்வரும் முதியோர் உளர். அவர்கள் வீடு திரும்பியதும் விளக்கொளியில் உள்ளங்காலை ஒருமுறை நோக்குதல் நலம். கண் மங்கியவர்க்குப் பேரப்பிள்ளை நோக்கிச் சொல்லலாம். வலி சொல்ல மறந்ததைக் கண் சொல்லட்டும். வீடு திரும்பும் வழி மறிக்கப்பட்டு, நடையையும் இழந்து நின்ற மக்களின் துன்பத்திலிருந்து நமக்குக் கிடைத்த பாடம் இது.