குதிரைவீரன் வேஷம் கட்டும் முன் படிக்க வேண்டிய புத்தகங்கள்

பாப் மார்லியின் ‘பஃபலோ சோல்ஜர்’ பாட்டைக் கேட்காத தோழர்கள் குறைவு. அவர் இறந்த பிறகு 1983இல் வெளிவந்த பாட்டு அது. அந்தப் பாட்டில் வரும் சிப்பாய் யார், யாருடைய சம்பளத்தில் யாரைச் சுட்டான் என்று கேட்டால் நம்மில் பலருக்கும் பதில் தெரியாது. அமெரிக்காவில் அந்தச் சிப்பாயின் சீருடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு, குதிரை ஏறி, பழைய கோட்டை மைதானங்களில் பொதுமக்கள் முன்னால் அந்தக் காலத்தை நடித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றை மறுபடி நிகழ்த்துவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அதைவிட மேல். 54ஆம் மாசச்சூசெட்ஸ் கறுப்பினப் படையைப் பற்றிய ‘குளோரி’ படம் 1989இல் வந்தபின் கறுப்பினத்தவரும் பெருமளவில் இதற்குள் வந்தார்கள்.

இப்படி 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப்படை வீரனாக வேஷம் கட்டுபவர் என்னவெல்லாம் படிக்க வேண்டும்? சமூகவியல் மாணவியாக எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும். ஒரு ராணுவத்தைப் பற்றிய புத்தகங்களை ஒரே மேசையில் அடுக்கினால், யாருக்கு எழுத நேரம் இருந்தது, யாருக்கு எழுத்தே மறுக்கப்பட்டது, யாரை மற்றவர்கள் எழுதினார்கள் என்பதெல்லாம் அந்த அடுக்கிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அவர்கள் கையில் எடுப்பது பொருட்களைப் பற்றிய புத்தகங்களை. ரேண்டி ஸ்டெஃபனின் ‘தி ஹார்ஸ் சோல்ஜர்’ நான்கு தொகுதிகள். தொப்பி, பொத்தான், வாள்பட்டை, கடிவாளம், 1859இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணம், 1873 மாடல் ஸ்ப்ரிங்ஃபீல்ட் கார்பைன் என்று ஒவ்வொன்றுக்கும் படம் உண்டு. பயிற்சிக்கு, உள்நாட்டுப் போர்க்காலத்தை நடிப்பவர்கள் பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் எழுதிய குதிரைப்படைப் பயிற்சி நூலைப் படிப்பார்கள். (அந்த குக் வர்ஜீனியாக்காரர். அடிமை முறைக்காகப் பிரிந்த தென்மாநிலங்களோடு போகாமல் வடக்குப் படையில் நின்றார். அவருடைய மருமகன் ஜெப் ஸ்டூவர்ட் தெற்கின் புகழ்பெற்ற குதிரைப்படைத் தளபதி. ஒரே வீட்டில் இரண்டு சீருடை.) பொத்தான் எண்ணுவதைக் கேலி செய்யும் பழக்கம் படித்தவர்களிடம் உண்டு. நான் செய்யமாட்டேன். கம்பளிச் சட்டையோடு டெக்ஸாஸ் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றவருக்குப் புரிவது, குளிர்சாதன அறையில் ஆய்வேடு எழுதுபவருக்குப் புரியாது.

அடுத்த அடுக்கு அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள். ஜார்ஜ் கஸ்டரின் ‘மை லைஃப் ஆன் தி ப்ளெய்ன்ஸ்’ 1874இல் வந்தது. 1868 நவம்பர் 27 விடியற்காலையில் வாஷிட்டா ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த செய்யன் மக்களின் ஊரை அவர் படை தாக்கியதை, வெற்றிக் கதையாக அவரே அதில் சொல்கிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அந்த மக்களின் 800க்கும் மேற்பட்ட குதிரைகளைச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். குதிரை இல்லாவிட்டால் வேட்டை இல்லை, இடப்பெயர்ச்சி இல்லை, குளிர்காலத்தில் உயிர் பிழைக்க வழியில்லை. குதிரையை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு இந்த வேஷத்துக்கு வருபவர்கள் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடக் கூடாது. அன்று சிறுமியாக இருந்த மூவிங் பிஹைண்ட் என்ற செய்யன் பெண், அடிபட்ட குதிரைகள் மனிதர்களைப் போல முனகியதை முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார். கஸ்டரின் புத்தகத்தோடு சேர்த்து அவருடைய சாட்சியத்தையும் படிக்க வேண்டும்.

1876இல் லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் கொல்லப்பட்டார். அவர் மனைவி எலிசபெத் 1933 வரை வாழ்ந்து, மூன்று புத்தகங்கள் எழுதி அவரை நாயகனாகவே வைத்திருந்தார். ‘டென்டிங் ஆன் தி ப்ளெய்ன்ஸ்’ என்ற புத்தகத்தில் எலைசா பிரவுன் என்றொரு பெண் திரும்பத் திரும்ப வருகிறார். அடிமைத்தனத்திலிருந்து வெளியேறி, கஸ்டர் வீட்டில் சமைத்த கறுப்பினப் பெண். படை போன இடமெல்லாம் அடுப்பும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு போனவர். எஜமானியின் பேனா வழியாகத்தான் நமக்கு எலைசாவின் குரல் கிடைக்கிறது. அதை எப்படி வாசிப்பது என்று நம் வீட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சாதாரணச் சிப்பாயின் வாழ்க்கை வேண்டும் என்றால் டான் ரிக்கி 1963இல் எழுதிய ‘ஃபார்ட்டி மைல்ஸ் எ டே ஆன் பீன்ஸ் அண்ட் ஹே’ சிறந்த தொடக்கம். அப்போது உயிரோடிருந்த முதிய சிப்பாய்களிடமும் கேட்டு எழுதியது. மாதம் 13 டாலர் சம்பளம், புழுத்த பிஸ்கட், உப்புப் பன்றிக்கறி, தப்பியோட்டம், தண்டனை, குடி எல்லாம் இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சிப்பாய்களின் கதை. ஐரிஷ், ஜெர்மன் ஏழைக் குடியேறிகள் ஏராளம்.

கறுப்பினச் சிப்பாய்களின் கதை ஒரு சட்டத்தில் தொடங்குகிறது. உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவருக்கு மாதம் 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம்; வெள்ளைச் சிப்பாய்க்கு 13. குறைந்த சம்பளத்தைக் கையால் தொடமாட்டோம் என்று 54ஆம் மாசச்சூசெட்ஸ் படை மறுத்தது. 1864இல்தான் நாடாளுமன்றம் சமமாக்கியது. போர் முடிந்தபின் 1866 ஜூலை 28 சட்டம் நிரந்தர ராணுவத்தில் ஆறு கறுப்பினப் படைப்பிரிவுகளை உருவாக்கியது. அவற்றில் 9ஆம், 10ஆம் ரெஜிமென்ட்கள் குதிரைப்படை. அன்றைய பத்துக் குதிரைப்படைப் பிரிவுகளில் இரண்டு இவை. அதிகாரிகள் மட்டும் வெள்ளையர். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: ஒவ்வொரு கறுப்பினப் படைப்பிரிவுக்கும் ஒரு பாதிரியார், சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தருவதும் அவருடைய வேலை. அடிமைகளாக இருந்தபோது தென்மாநிலங்கள் பலவற்றில் எழுத்தறிவே சட்டப்படி தடுக்கப்பட்டவர்கள், காவல் பணி முடிந்த மாலையில் அரிச்சுவடியோடு உட்கார்ந்தார்கள். சீருடை போட்டு நிற்பவர் பையில் துப்பாக்கித் தோட்டாவோடு ஓர் எழுத்துப் பலகையும் வைத்திருக்கலாம் என்பேன்.

இவர்களைப் பற்றி வில்லியம் லெக்கி 1967இல் ‘தி பஃபலோ சோல்ஜர்ஸ்’ எழுதினார். குடியுரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். மறக்கப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்த புத்தகம். முதல் பதிப்பின் துணைத்தலைப்பில் இருந்த ‘நீக்ரோ’ என்ற சொல் 2003 திருத்தப் பதிப்பில் ‘பிளாக்’ ஆனது. இரண்டு பதிப்புகளுக்கு இடையில் ஒரு மக்களின் பெயர் மாறிய வரலாறு கிடக்கிறது. ‘பஃபலோ சோல்ஜர்’ என்ற பெயரிலேயே தகராறு உண்டு. பூர்வகுடிகள் மரியாதையோடு வைத்த பெயர் என்று லெக்கி எழுதினார். ஃபிராங்க் ஷூபர்ட், டோபக், பிலிப்ஸ் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் சிப்பாய்களின் கடிதங்களையும் மனுக்களையும் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பெயரை அவர்கள் தங்களுக்குப் பயன்படுத்தியதற்கான தடயம் அரிது. டோபக்கும் பிலிப்ஸும் 2001இல் தங்கள் புத்தகத்துக்கு ‘தி பிளாக் ரெகுலர்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். யாரோ வைத்த பெயருக்கும் நாமே தேர்ந்துகொண்ட பெயருக்கும் உள்ள தூரத்தை அறிந்த நமக்கு இது சின்ன விஷயமல்ல. என் கட்சி பிந்தையவர்கள் பக்கம். இவர்கள் எந்த ஆவணங்களில் தேடினார்கள் என்பதையும் கவனியுங்கள்: ராணுவ நீதிமன்ற விசாரணைகள், பென்ஷன் விண்ணப்பங்கள், விதவைகள் கொடுத்த வாக்குமூலங்கள். நினைவுக்குறிப்பு எழுதும் வசதியில்லாதவர்களின் சுயசரிதை மனுவாகத்தான் இருக்கும்.

அவர்களிலும் எழுதியவர் ஒருவர் உண்டு. ஹென்றி ஃபிளிப்பர், 1856இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1877இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டே ‘தி கலர்ட் கேடட் அட் வெஸ்ட் பாயின்ட்’ வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் உடன் படித்தவர்கள் அவரோடு பேசாமல் ஒதுக்கி வைத்ததைப் பதற்றமில்லாத மொழியில் எழுதியிருக்கிறார். நம் மாணவர்கள் இதை வாசிக்கும்போது விடுதி உணவுக்கூடத்தின் காலி நாற்காலிகள் ஞாபகம் வரும். ஆனால் எரிச்சலும் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல நடத்தையும் படிப்பும் இருந்தால் மதிப்பு தானாக வரும் என்று அவர் நம்புகிறார். அவருக்கு முன் 1870இல் அங்கே சேர்ந்து, அவமானத்தைப் பொறுக்காமல் எதிர்த்து நின்று, 1874இல் வெளியேற்றப்பட்ட ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் மீது அவருக்கு முழு அனுதாபம் இல்லை.

அந்த நம்பிக்கைக்குப் பதில் 1881இல் வந்தது. 10ஆம் குதிரைப்படையில் லெப்டினன்டாக டேவிஸ் கோட்டையில் இருந்த ஃபிளிப்பர்மீது பணக் கையாடல் குற்றச்சாட்டு. ராணுவ நீதிமன்றம் கையாடல் இல்லை என்றது. ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882இல் வேலையைவிட்டு நீக்கியது. மன்னிப்பு 1999இல் கிளின்டன் கையெழுத்தில் வந்தது. ஃபிளிப்பர் 1940இலேயே இறந்துவிட்டார். 9ஆம் குதிரைப்படைப் பாதிரியார் ஹென்றி பிளம்மரும் அடிமையாகப் பிறந்தவர்தான்; அவரையும் 1894இல் நீக்கினார்கள்.

இதுவரை சொன்னது நமக்குப் பிடித்தமான பாதி. மீதிப் பாதியில்தான் சிக்கல். இந்தச் சிப்பாய்கள் யாரை எதிர்த்துச் சுட்டார்கள்? (‘செவ்விந்தியர்’ என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல்லை விட்டுவிடுவோம், அவர்களுக்கு லக்கோட்டா, செய்யன், அப்பாச்சி என்று பெயர்கள் இருக்கின்றன.) கறுப்பினச் சிப்பாய்களைச் சிறப்பித்து அமெரிக்கா 1994இல் தபால்தலை வெளியிட்டபோது பூர்வகுடி இயக்கத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எங்கள் நிலத்தைப் பிடுங்கிய படைக்கு எதற்குக் கொண்டாட்டம் என்பது அவர்கள் கேள்வி. கொண்டாடியவர்களுக்கும் நியாயம் இருந்தது: ரத்தம் சிந்தியும் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடைக்காத முன்னோர்கள். பீமா கோரேகானில் 1818இல் ஆங்கிலக் கம்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையை எதிர்த்த மகர் வீரர்களின் பெயர்கள் தூணில் ‘நாக்’ என்ற விகுதியோடு இருக்கின்றன. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போனார். வெள்ளையன் படையில் இருந்தவர்களுக்கு என்ன பெருமை என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. சாதியைச் சட்டமாக வைத்திருந்த அரசை எதிர்த்து நின்றவர்கள் என்று நாம் பதில் சொல்கிறோம். 9ஆம், 10ஆம் படைகளுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அப்பாச்சி மக்கள் யாரையும் அடிமைச் சந்தையில் ஏலம் விட்டு இவர்களைத் துன்புறுத்தியவர்கள் அல்லர். ஒப்புமை தேடும் அவசரத்தில் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடக் கூடாது. ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’யை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியது 1873இல். அப்போது அதே அமெரிக்கா, விடுதலையான அடிமைகளைக் குதிரையில் ஏற்றிப் பூர்வகுடிகளின் நிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டும் உண்மை.

ஏன் போனார்கள் என்பதையும் படிக்காமல் தீர்ப்பு சொல்ல முடியாது. தெற்கில் அவர்களுக்குக் காத்திருந்தது குத்தகை வயலும் கடனும் முகமூடிக் கும்பலும். ராணுவத்தில் 13 டாலர், மூன்று வேளைச் சாப்பாடு, எழுத்து. கறுப்பினப் படைகளில் தப்பியோடியவர்கள் வெள்ளைப் படைகளைவிட மிகக் குறைவு. ஓடிப்போக அவர்களுக்கு எந்த ஊர் இருந்தது? 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீயில் 7ஆம் குதிரைப்படை லக்கோட்டா மக்களைக் கொன்று குவித்தது. அடுத்த நாளே அதே 7ஆம் படை லக்கோட்டா வீரர்களிடம் சிக்கியபோது, காப்பாற்றப் போனது 9ஆம் படை. பிறகு மற்றவர்கள் வீடு திரும்ப, 9ஆம் படையைப் பனியில் கூடாரங்களில் விட்டுவிட்டார்கள். டபிள்யூ. ஹெச். பிராதர் என்ற சிப்பாய் அந்த மனக்குறையைச் செய்யுளாகவே எழுதினார். அதே வாரத்தில் அங்கே அரசு மருத்துவராக இருந்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன், டகோட்டா இனத்தவர். பனிப்புயல் ஓய்ந்தபின் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடிப்போனதை ‘ஃப்ரம் தி டீப் வுட்ஸ் டு சிவிலைசேஷன்’ நூலில் 1916இல் எழுதினார். ஓடி ஒளியப் பார்த்த பெண்களின் உடல்கள் மைல் கணக்கில் தள்ளிக் கிடந்தன. பிராதரையும் ஈஸ்ட்மனையும் ஒரே இரவில் படியுங்கள்.

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு இரண்டு மனிதர்களைச் சொல்கிறேன். ஒருவர் சார்ஜென்ட் ஜார்ஜ் ஜோர்டன், 9ஆம் குதிரைப்படை. டென்னசியில் அடிமையாகப் பிறந்தவர். 1880 மே மாதம் நியூ மெக்சிகோவின் டுலரோசாவில் 25 பேரை வைத்துக்கொண்டு, நூறு பேருக்கு மேல் இருந்த அப்பாச்சிப் படையைத் தடுத்து நிறுத்தியதற்காக நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றார். முப்பது ஆண்டு சேவைக்குப் பிறகு ராபின்சன் கோட்டை பக்கத்தில் குடியிருந்தார். 1904இல் நோயுற்றுக் கோட்டை மருத்துவமனைக்குப் போனபோது சேர்த்துக்கொள்ளவில்லை. சரியான கவனிப்பு இல்லாமல் இறந்தார். அவரைப் பற்றி ஷூபர்ட்டின் புத்தகங்களில் கிடைக்கும்.

மற்றவர் ஜேம்ஸ் கேவைக்லா. டுலரோசாவைத் தாக்கிய அந்த அப்பாச்சிகளின் தலைவர் விக்டோரியோவின் கூட்டத்தில் அப்போது சின்னக் குழந்தை. 1877இல் அவர்களைச் சொந்த நீரூற்று நிலத்திலிருந்து பிடுங்கி அரிசோனாவின் சான் கார்லோஸில் போட்டதுதான் அந்தப் போரின் காரணம். குடிநீர் கிடைக்கும் இடங்களையெல்லாம் 10ஆம் குதிரைப்படை முன்கூட்டியே பிடித்து உட்கார்ந்ததால் அவர்கள் மெக்சிகோவுக்குள் தள்ளப்பட்டார்கள். 1880 அக்டோபரில் விக்டோரியோ மெக்சிகோ படையால் கொல்லப்பட்டார். குழந்தை பிழைத்தது. முதியவரான பிறகு அவர் சொன்னவற்றை ஈவ் பால் எழுதிக்கொண்டார். 1970இல் ‘இன் தி டேஸ் ஆஃப் விக்டோரியோ’ வந்தது. எஞ்சிய அவருடைய மக்களை 1886இல் தொடங்கி 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாகவே அமெரிக்கா வைத்திருந்தது. ஜோர்டன் செத்த 1904இல் அவர்கள் இன்னும் கைதிகள்.