பழங்கணினியும் பூட்டிய அறிவும்

யந்திரம் கெட்டுப்போவது வேறு. கெட்டதென்று ஒதுக்கப்படுவது வேறு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திற்று. லிங்கித் தோட்டத்துக் கிராணியின் மேசைக் கணினி மறுநாளும் செக்ரோல் கணக்கை எழுதத்தான் செய்யும். எனினும் புதிய பதிப்பை ஏற்கத் தகுதியற்றதென்று அத்தகைய யந்திரங்கள் தள்ளப்படுகின்றன. தகுதியை நிர்ணயித்தவர் யார்? விற்றவரே!

இதற்கு மாற்று முன்னரே தோன்றிவிட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் ஓர் அச்சு யந்திரத்தின் மூலநிரலைக் கேட்டார், மறுக்கப்பட்டார். வேதத்தைக் காதாற் கேட்டலும் குற்றமென்று தள்ளிவைக்கப்பட்ட மரபினராகிய நமக்கு அவரது சினம் விளங்காததன்று. எவரும் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடைய ‘குனு’த் திட்டத்தை அவர் 1983-இல் அறிவித்தார். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். திருத்தும் உரிமை இருந்தமையாலன்றோ, 2003-இல் ஆஸ்திரேலியாவில் பாரி கௌலர் ‘பப்பி லினக்ஸை’ ஆக்க முடிந்தது? வன்தட்டே இல்லாத பழங்கணினியிலும் அது குறுவட்டிலிருந்து நினைவகத்திலேறி இயங்கும்.

மலேசிய அரசாங்கம் 2004-இல் திறந்த மூல மென்பொருளுக்குப் பெருந்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டு எல்காட் நிறுவனமும் 2007-ஆம் ஆண்டளவில் சூசி லினக்ஸைக் கைக்கொண்டது. திட்டங்கள் ஆபீஸ் மாடியிலேயே தங்கிவிடுவதும் உண்டு. தோட்டத்து லயத்துக்கு இறங்கி வருவதே அரிது.

மின்பலகை வெந்த யந்திரத்தை எம்மென்பொருளும் உயிர்ப்பிக்காது. மற்றவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைபோடுமுன், பப்பியை ஒரு பென்டிரைவில் ஏற்றி இயக்கிப் பாருங்கள். நிறுவாமல் பார்க்குமளவில் தட்டிலுள்ள கணக்கு அழியாது.