கதை வகுப்பும் திருத்தம் ஏற்ற எழுத்தாளரும்

நூலை எழுதி முடித்ததோடு புலவனின் கடமை முடிந்துவிடும் என்று தமிழ் மரபு கருதவில்லை. அறிஞர் அவையில் அதனை அரங்கேற்ற வேண்டும். அவையோர் எழுப்பும் ஐயங்களுக்கு விடை கூற வேண்டும். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், தொல்காப்பியம் குற்றமற விளக்கப்பட்டதைப் பனம்பாரனாரின் பாயிரம் அறிவிக்கிறது. சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டுச் செய்திகளோடு காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்ப்பார் உளர் என்கிறது நன்னூல். களன் என்பது நூல் அரங்கேறிய அவை. எந்த அவை கேட்டது என்பதும் நூலின் பெருமையில் ஒரு கூறாயிருந்தது என்பது இதனால் விளங்கும்.

அச்சு வந்தபின் அந்த அவை மறைந்தது. எழுதியது நேரே அச்சேறியது. குற்றம் இருப்பின் அச்சேறிய பின்னரே வெளிப்பட்டது. அப்போது திருத்தம் அறிவுரையாகத் தோன்றாமல் அவமானமாகத் தோன்றுவது இயல்பு. மலாயாவில் இக்குறை இன்னும் பெரிது. இங்கே பேனா பிடித்தவர்களுள் தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிமார்களும் பலர். ஜாசின், அலோர் காஜா போன்ற வட்டாரங்களின் தோட்டங்களில் வாழ்ந்த ஒருவர், தம் கதையைப் படித்துக் குறை சொல்ல வல்லாரை அருகில் காண்பது அரிது. 1948இல் தொடங்கிய அவசரகாலமும் மக்கள் கூடிப் பேசுவதற்குத் தடையாயிற்று. மலாக்கா மாநிலத்தின் ஒரு பகுதி 1953 செப்டம்பர் 3ஆம் நாள்தான் கட்டுப்பாடுகள் தளர்ந்த ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது, மலாயாவிலேயே அத்தகைய முதல் அறிவிப்பும் அதுவே.

இச்சூழலில்தான் கோலாலம்பூரிலிருந்து வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 1950-51ஆம் ஆண்டுகளில் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை முன்னின்று நடத்தினர். சிறுகதையின் இலக்கணம் பாடமாக வந்தது, பயிற்சி தரப்பட்டது, எழுதி அனுப்பியவை மதிப்பிடப்பட்டன. பத்திரிகையே பள்ளியாயிற்று. அரங்கேற்ற அவைக்கு அன்றைய மலாயாவில் அமைந்த புதிய வடிவம் இது எனலாம்.

எழுத்தை வகுப்பில் கற்பிக்க இயலுமா என்ற வினா எழக்கூடும். கற்பனையைக் கற்பிக்க இயலாது. ஆனால் கதைக்கு வேண்டாத பகுதி எது, நம்ப இயலாத முடிவு எது என்று காட்ட இயலும். போருக்கு முன் இந்நாட்டில் எழுந்த கதைகள் பலவற்றில் தமிழகத்துச் சூழலே களமாக இருந்தது. பால்மரக் காட்டில் வாழ்ந்துகொண்டு, காணாத ஊரின் அக்கிரகாரத்தையும் ஆற்றங்கரையையும் எழுதும் நிலையை மாற்ற, யாரேனும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியும் எழுத்தாளர் செவிசாய்க்கவில்லையெனில் இம்மண்ணின் வாழ்வு ஏட்டில் ஏறியிராது. ஆகவே திருத்தத்தை ஏற்பது தனி ஒருவரின் பணிவைப் பற்றியது மட்டுமன்று. ஒரு சமூகத்தின் இலக்கியமே அதனைச் சார்ந்திருந்தது.

திருத்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு மலாக்கா மண்ணே நல்ல உவமை தருகிறது. 1896இல் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பார் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அவரை ஊக்குவித்தவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி. கண்டபடி மரத்தைக் கொத்தாமல், முன்பு வெட்டிய இடத்தையே மெல்லியதாகச் சீவித் திறந்தால் பால் மிகும் என்பதை ரிட்லியின் ஆராய்ச்சி காட்டியது. கத்தி ஆழ இறங்கினால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் வராது. திறனாய்வாளருக்கு வேண்டியதும் இந்த அளவே. எழுத்தாளருக்கோ, ஒருமுறை வெட்டிய இடத்தையே மீண்டும் திறக்க மனம் வேண்டும். குறை சொன்னது கதையைத்தான், தம்மை அன்று என்று தெளிந்தவருக்கு அம்மனம் வாய்க்கும்.

கதை வகுப்போடு இம்முயற்சி நின்றுவிடவில்லை. 1952இல் சுப. நாராயணன் சிங்கப்பூர் ‘தமிழ் முரசி’ல் ‘ரசனை வகுப்பு’ நடத்தினார். எழுதுவோருக்கு மட்டுமன்றிப் படிப்போருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை அது உணர்த்தியது. ஆராய்ந்து படிக்கத் தெரியாதவர் கூறும் குறையும் புகழும் ஒன்றே, இரண்டாலும் பயனில்லை. பின்னர்த் ‘தமிழ் நேச’னில் ஆசிரியப் பணியாற்றிய கு. அழகிரிசாமி, 1957இல் தமிழகம் திரும்பும் முன்னர், கோலாலம்பூரில் இலக்கிய வட்டம் கூட்டி, எழுத்தாளர்கள் நேரில் அமர்ந்து படைப்புகளை ஆராயச் செய்தார். ஏட்டில் நடந்த வகுப்பு, இவ்வாறு மீண்டும் அவையாயிற்று.

1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுவிட்டது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. எனினும் கதை வகுப்பு விட்டுச்சென்ற பாடம் தமிழாசிரியர்க்கு இன்றும் உரியது. மாணவன் கட்டுரையில் சிவப்பு மையால் பிழையைச் சுழித்துத் தருவதோடு நில்லாமல், அப்பிழை ஏன் பிழை என்பதைச் சொல்லி, அதே கட்டுரையை மறுமுறை எழுதச் செய்தல் வேண்டும். இரண்டாம் முறை எழுதியது முதலினும் சிறந்திருப்பதைத் தன் கண்ணாலேயே கண்ட மாணவன், பின்னாளில் திருத்தம் கண்டு அஞ்சான். தானே தேடிச் சென்று கேட்பான்.