பதினெட்டு மாத வாக்குறுதி

கைப்பேசியை விற்றதும் நிறுவனம் அதை மறந்துவிடுகிறது என்ற குறை நெடுநாளாகவே உண்டு. 2011 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த தன் மாநாட்டில் கூகுள் அதற்கு ஒரு முடிவு கட்டப் பார்த்தது. சாம்சங், எச்டிசி, எல்ஜி, மோட்டோரோலா, சோனி எரிக்சன் ஆகியவற்றையும் அமெரிக்காவின் பெரிய செல்பேசிச் சேவை நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு, இனி வரும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு 18 மாதம் வரை அப்டேட் உண்டு என்று அறிவித்தது. ‘வன்பொருள் இடங்கொடுத்தால்’ என்றொரு கொக்கியும் அதில் இருந்தது. அந்தக் கூட்டணி சத்தமில்லாமல் கரைந்துபோனது. பழியைத் தயாரிப்பாளர்கள் தலையில் போடுவது எளிது. ஆனால் பெரிய முடிச்சு அந்தக் கொக்கியில்தான் இருந்தது என்பேன்: கைப்பேசியின் ஆயுள் அதன் சிப்பைச் செய்தவர் கையில் இருந்தது.

2007 நவம்பரில் 34 நிறுவனங்களோடு தொடங்கிய ஆண்ட்ராய்டு கூட்டணியில் மென்பொருள் எல்லாருக்கும் இலவசம். அதைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பது மட்டும் தெளிவில்லை. கூகுள் புதிய பதிப்பை வெளியிடும். சிப் நிறுவனம் அதற்கேற்ப, சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திருத்தித் தரவேண்டும். பிறகு தயாரிப்பாளர் தன் அலங்காரங்களை ஏற்றுவார். பல நாடுகளில் சேவை நிறுவனமும் சோதித்து ஒப்புதல் தரவேண்டும். இரண்டாவது படி நின்றால் மற்றவை நகராது. புதிய கைப்பேசியை விற்கத்தான் வேண்டுமென்றே பழையதைக் கைவிடுகிறார்கள் என்பவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேலக்சி நெக்ஸஸ் கதை அதற்குள் அடங்காது. 2011 நவம்பரில் வந்த அது கூகுளின் சொந்தக் கைப்பேசி; செய்து தந்தது சாம்சங். 2013 அக்டோபரில் ஆண்ட்ராய்டின் கிட்காட் பதிப்பு வெளியானபோது அதற்குக் கிடைக்கவில்லை. 18 மாதம் கடந்துவிட்டது என்றது கூகுள். ஆனால் உள்ளே இருந்த சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு. அந்நிறுவனமோ 2012லேயே கைப்பேசிச் சந்தையிலிருந்து விலகத் தொடங்கியிருந்தது. மென்பொருளை எழுதியவரின் பெயர் தாங்கிய கைப்பேசிக்கே இந்தக் கதி.

ஆப்பிளால் முடிகிறதே என்று கேட்கலாம். முடியும்: மென்பொருளும் சிப் வடிவமைப்பும் ஒரே வீட்டில், மாடல்களும் சில. அதே ஒழுங்கை மலிவான கைப்பேசியில் கொண்டுவரத்தான் 2014 செப்டம்பரில் இந்தியாவில் ஆண்ட்ராய்டு ஒன் வந்தது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் சுமார் 6,400 ரூபாய்க்கு விற்றன. வன்பொருளை வரையறுத்ததும் அப்டேட்டுக்குப் பொறுப்பேற்றதும் கூகுள். நல்ல யோசனைதான். ஆனால் விலையைத் தவிர வேறெதிலும் வித்தியாசம் காட்டமுடியாத பொருளை எந்த வியாபாரி ஆசையோடு விற்பார்?

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஒரு எம்எம்எஸ் வந்தாலே கைப்பேசிக்குள் ஊடுருவலாம். ஆபத்தில் இருப்பவை 95 கோடி என்று அதைக் கண்டுபிடித்த சிம்பீரியம் நிறுவனம் மதிப்பிட்டது. அடுத்த மாதமே கூகுள், சாம்சங், எல்ஜி மூன்றும் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை அறிவித்தன. உண்மையான மாற்றம் 2017இல் ஆண்ட்ராய்டு 8உடன் வந்த டிரெபிள் திட்டம்: சிப்பைச் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டையும் பிரித்து, நடுவே ஒரு நிலையான எல்லை போட்டது. ஆனாலும் பழைய சிப்புக்குத் துணை நிற்க ஒருவர் வேண்டும். 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு ஏழாண்டு அப்டேட் என்று கூகுள் சொன்னபோது, உள்ளே இருந்தது அதன் சொந்த டென்சர் சிப். சில மாதங்களில் கேலக்சி எஸ்24க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. அந்த வரிசையில் குவால்காம் சிப்பும் உண்டே என்றால், அவ்வளவு பெரிய வாடிக்கையாளரின் பேச்சுக்குச் சிப் நிறுவனம் செவிசாய்க்கத்தான் செய்யும். சிறிய நிறுவனங்களுக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதி, விற்பனை நின்ற பிறகும் ஐந்தாண்டு இலவச அப்டேட் என்கிறது. அதன் வாசகத்திலும் ஒரு கொக்கி இருக்கிறது: தயாரிப்பாளர் ‘அப்டேட் வழங்கினால்’.